மரியோவுக்கு வாடகை வீடு

கேம் கன்சோல்களின் கதை: அத்தியாயம் 23

2011 மார்ச் 2, காலை நேரம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரே தெருவின் இருபுறமும் இரண்டு அரங்குகள் நிரம்பி வழிந்தன. ஒரு பக்கம் மாஸ்கோனி மையம். கேம் உருவாக்குபவர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டில் நின்டெண்டோவின் தலைவர் சடோரு இவாட்டா பேசினார். எதிர்ப்பக்கம் யெர்பா பூனா கலை மையம். மருத்துவ விடுப்பில் இருந்ததால் வரமாட்டார் என்று பலரும் நினைத்திருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அங்கே மேடையேறி ஐபேட் 2ஐ எடுத்துக் காட்டினார்.

இவாட்டாவின் பேச்சில் முதல் பாதி பழைய நினைவுகள். பிற்பாதியில் ஒரு கவலையைப் போட்டு உடைத்தார். ஸ்மார்ட்போன் விற்பவர்களுக்கும் சமூக வலைத்தளம் நடத்துபவர்களுக்கும் கேம் என்பது வேறு யாரோ செய்து தரும் சரக்கு. அதன் மதிப்பு காப்பாற்றப்பட வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கு இருக்கத் தேவையில்லை. எண்ணிக்கை பெருகினால் போதும், லாபம் வந்துவிடும். கேமின் விலை ஒரு டாலருக்கும், பிறகு பூஜ்யத்துக்கும் இறங்கிக்கொண்டே போனால், அதைச் செய்கிறவர்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? இதுதான் அவர் கேள்வி. தொழில்முறையில் புரோகிராமர் அவர். தலைவர் நாற்காலிக்கு வந்த பிறகும் கேம் எழுதுகிறவர்களின் பக்கத்திலிருந்து பேசினார்.

அதற்கு நான்கு நாட்கள் முன்புதான் ஜப்பானில் நின்டெண்டோவின் புதிய கையடக்க கன்சோலான 3டிஎஸ் 25,000 யென் விலையில் கடைகளுக்கு வந்திருந்தது. கண்ணாடி அணியாமலே முப்பரிமாணத்தில் தெரியும் திரை. ஆனால் அந்த ஆண்டில் பங்குச் சந்தை கேட்ட கேள்வி வேறு: எல்லோர் பையிலும் போன் இருக்கும்போது தனியாக ஒரு கேம் பெட்டி எதற்கு? நின்டெண்டோவே ஒரு போன் செய்தால் என்ன? போன் செய்யாவிட்டாலும், மரியோவை ஐபோனில் விட்டால் என்ன?

இந்தக் கேள்வியைச் சந்தித்தது நின்டெண்டோ மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அன்றைய மூன்று பெரிய கன்சோல் நிறுவனங்களுக்கும் அதே கேள்விதான். சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் போன் சந்தையில் இறங்கின. கியோட்டோவைச் சேர்ந்த நின்டெண்டோ மட்டும் மறுத்தது. அந்த மறுப்பின் காரணங்களையும், பிறகு அது எப்படி இளகியது என்பதையும், இளகிய இடத்தில் எது கறைபட்டது என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதலில் நோக்கியா. ஃபின்லாந்தின் நோக்கியா கன்சோல் நிறுவனம் அல்ல, போன் நிறுவனம். ஆனால் போனையும் கேம் பெட்டியையும் ஒன்றாக்கிப் பார்த்த முதல் பெரிய முயற்சி அவர்களுடையது. 2003 அக்டோபரில் என்-கேஜ் வந்தது. விலை 299 டாலர். அதே ஆண்டு வந்த நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி 100 டாலருக்குக் கிடைத்தது. விலையைவிட மோசமானது அதைப் பயன்படுத்திய விதம். வேறொரு கேம் ஆட வேண்டுமென்றால் முதலில் போனை அணைக்க வேண்டும். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, அதன் அடியில் இருக்கும் கார்டை மாற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி, மறுபடி ஆன் செய்ய வேண்டும். அழைப்பு வந்தால், பேசும் இடமும் கேட்கும் இடமும் கருவியின் விளிம்பில் இருந்ததால், அதைப் பக்கவாட்டில் திருப்பிக் கன்னத்தோடு ஒட்டி வைக்க வேண்டும். திரை அகலத்தைவிட உயரம் கூடியது. பக்கவாட்டில் ஓடும் கேமில் எதிரே என்ன வருகிறது என்பது முழுதாகத் தெரியாது. போனாகவும் சரியில்லை, கேம் பெட்டியாகவும் சரியில்லை. அடுத்த ஆண்டே என்-கேஜ் க்யூடி என்று திருத்திய பதிப்பு வந்தது. அதற்குள் பேர் கெட்டுவிட்டது.

அதற்கும் முன்பு, 2001 ஜனவரியில் நின்டெண்டோ ஜப்பானில் சத்தமில்லாமல் ஒன்றைச் செய்து பார்த்திருந்தது. கேம் பாயையும் செல்போனையும் ஒரு கேபிளால் இணைக்கும் அடாப்டர் அது. போகிமான் கிரிஸ்டல் ஆடும் பிள்ளைகள் தொலைவில் உள்ள இன்னொருவரோடு போன் வழியாகப் போகிமானை மாற்றிக்கொள்ளலாம். போன் கட்டணம் தனி. 2002 இறுதியில் சேவை மூடப்பட்டது. பெரிய நஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதிலேயே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: கேம் ஆடுவது பத்து வயதுப் பிள்ளை, மாதக் கட்டணம் கட்டுவது அப்பா. இந்த இருவருக்கும் நடுவே தொலைபேசி நிறுவனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சோனியின் கதையில் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும். இந்தத் தொழிலில் போனும் கன்சோலும் ஒரே குடும்பத்துக்குள் இருந்த நிறுவனம் அது. யாரால் முடியாவிட்டாலும் சோனியால் முடியும் என்று நம்புவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. திரை செய்யத் தெரியும், கேமரா செய்யத் தெரியும், ப்ளேஸ்டேஷன் என்ற பெயருக்கு உலகம் முழுக்க மதிப்பு இருந்தது, சோனி எரிக்சன் என்ற போன் நிறுவனத்தில் பாதிப் பங்கும் இருந்தது.

2011 பிப்ரவரியில் பார்சிலோனாவில் எக்ஸ்பீரியா ப்ளே அறிமுகமானது. பார்க்கச் சாதாரண ஆண்ட்ராய்டு போன். 4 அங்குலத் திரை. திரையை மேலே தள்ளினால் அடியிலிருந்து கேம் பொத்தான்கள் வெளிப்படும். இடது பக்கம் நான்கு திசை விசைகள். வலது பக்கம் ப்ளேஸ்டேஷன்காரர்களுக்குக் கைபழகிய முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம். நடுவில், கட்டைவிரலால் அசைக்கும் குச்சிகளுக்குப் பதிலாகத் தட்டையான இரண்டு தொடு வட்டங்கள். தோளில் இரண்டு பொத்தான்கள். கையில் எடுத்தால் பொத்தான்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. பழைய ப்ளேஸ்டேஷனின் க்ராஷ் பேண்டிகூட் பல நாடுகளில் போனோடு சேர்ந்தே வந்தது.

பிறகு என்ன குறை? குறை போனுக்கு வெளியே இருந்தது. அதே ஆண்டு ஜனவரி 27 அன்று டோக்கியோவில் சோனியின் கேம் பிரிவு ஒரே மேடையில் இரண்டு அறிவிப்புகளைச் செய்தது. ஒன்று, அடுத்த கையடக்க கன்சோல். பின்னர் வீட்டா என்று பெயர் பெற்றது. இன்னொன்று, ஆண்ட்ராய்டு போன்களுக்கு ப்ளேஸ்டேஷன் கேம்களைத் தரும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு சோனி போன்களுக்கு மட்டுமானதல்ல, மற்ற நிறுவனங்களின் போன்களுக்கும் உண்டு என்றார்கள். அப்படியானால் எக்ஸ்பீரியா ப்ளேயை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்? நல்ல கேம் வேண்டுமென்பவர் ஆண்டுக் கடைசி வரை காத்திருந்து வீட்டா வாங்குவார். நல்ல போன் வேண்டுமென்பவர் பொத்தான் இல்லாத, மெல்லிய போனை வாங்குவார். வீட்டாவைச் செய்த பிரிவுக்கு இந்தப் போன் ஜெயிக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. ஜெயித்தால் தங்கள் வியாபாரத்துக்குத்தான் இடைஞ்சல். பெரிய கேம்களை இதற்கென்று எழுதும்படி வெளி நிறுவனங்களை யாரும் நெருக்கவில்லை. 2012 மே மாதம், புதிய ஆண்ட்ராய்டு 4 பதிப்பு இந்தப் போனுக்கு வராது என்று அறிவித்தார்கள். வாங்கி ஒன்றிரண்டு ஆண்டு ஆவதற்குள் கைவிடப்பட்டது.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஒரு கன்சோலை வாங்குகிறவர், ஐந்தாறு ஆண்டுகளுக்கு அதற்குப் புதிய கேம் வந்துகொண்டிருக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறார். கன்சோலின் சிப், நினைவகம், பொத்தான் எதுவும் அந்த ஆண்டுகளில் மாறாது. மாறாததால்தான் கேம் எழுதுகிறவர்கள் அந்தக் கருவியின் ஒவ்வொரு மூலையையும் கற்றுக்கொள்கிறார்கள்; நான்காம் ஆண்டில் வரும் கேம் முதல் ஆண்டு கேமைவிடப் பலமடங்கு மேம்பட்டிருக்கும். தயாரிப்புச் செலவும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். போன் தொழில் இதற்கு நேர்மாறு. ஆண்டுதோறும் புதுப் புது மாடல் வர வேண்டும். போன வருட போனை இந்த வருட விளம்பரமே பழசு என்று சொல்ல வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு தொழில்களும் இருக்கலாம். ஒரே பொருளுக்குள் இரண்டும் இருக்க முடியவில்லை.

சோனி 2012 பிப்ரவரியில் எரிக்சனின் பாதிப் பங்கையும் 105 கோடி யூரோவுக்கு வாங்கிப் போன் நிறுவனத்தை முழுதாகத் தன்வசம் எடுத்துக்கொண்டது. எக்ஸ்பீரியா ப்ளேயின் அடுத்த பதிப்பு வரவே இல்லை. போன்களுக்கான ப்ளேஸ்டேஷன் கேம் கடையும் 2015இல் மூடப்பட்டது.

மைக்ரோசாஃப்ட்டின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2010இல் வந்த விண்டோஸ் போன் 7இல் எக்ஸ்பாக்ஸ் கணக்கு உள்ளேயே இருந்தது. கன்சோலில் சேர்க்கும் புள்ளிகளைப் போனிலும் சேர்க்கலாம். அதற்காகப் போனை மாற்றியவர்கள் அதிகம் இல்லை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் பிரிவையே வாங்கினார்கள். 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதி, 7,800 பேரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமே சொந்தமாக ஒரு போன் இயங்குதளத்தை நிலைநிறுத்த முடியாமல் போனது என்பதை, நின்டெண்டோ போன் செய்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கியோட்டோ.

1889இல் ஃபுசாஜிரோ யமவுச்சி ஹனஃபுடா சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் பொம்மைக்கும் பிறகு மின்னணுவுக்கும் நகர்ந்த கதையை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அங்கே வேலை செய்த குன்பெய் யோகோய் விட்டுப்போன ஒரு கொள்கையை மட்டும் இங்கே நினைவுபடுத்துகிறேன். எல்லோருக்கும் பழகி, விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எடு. அதை யாரும் யோசிக்காத வேலைக்குப் பயன்படுத்து. கால்குலேட்டர் திரையை வைத்து 1980இல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது அப்படித்தான். 1989இன் கேம் பாய்க்கு வண்ணத்திரை கிடையாது. நான்கு சிறிய பேட்டரிகளில் பல மணி நேரம் ஓடியது. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11.87 கோடி விற்றன. 2004இன் டிஎஸ், ஐபோனுக்கு மூன்று ஆண்டு முன்பே தொடுதிரையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து 15.4 கோடி விற்றது. பழைய சிப்பைப் போட்ட போனை யாரும் வாங்க மாட்டார்கள். யோகோயின் வழியில் போன் செய்ய முடியாது. நின்டெண்டோ போன் செய்வதென்றால் தன் கைவந்த வித்தையை வெளியே வைத்துவிட்டு, சாம்சங்குக்குக் கைவந்த வித்தையில் சாம்சங்கோடு போட்டியிட வேண்டும்.

பணம் வரும் வழியும் வேறு. தன் கன்சோலுக்கு வேறு நிறுவனம் கேம் எழுதினால் ஒவ்வொரு பிரதிக்கும் நின்டெண்டோவுக்கு உரிமைத்தொகை வரும். தானே எழுதினால் விலை முழுவதும் தனக்கு. ஆப்பிளின் கடையிலோ கூகுளின் கடையிலோ விற்றால் அன்று 100 ரூபாயில் 30 ரூபாய் அவர்களுக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விலையை யார் தீர்மானிப்பது என்பதுதான் பெரிய விஷயம். கேம் பெட்டி விற்கும் கடையில் மரியோ கேமின் விலை 40 டாலர் என்றால் வாங்குகிறவர் அதை ஏற்றுக்கொள்கிறார். போன் கடையில் அதே மரியோவுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இலவச கேம்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும். சொந்த வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போகிறவர், சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். மரியோவுக்கு வாடகை வீடு தேவையா என்று இவாட்டா யோசித்ததில் நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தைக் கேட்கும் மனநிலையில் சந்தை இல்லை. 2011 மார்ச் இறுதியில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த 3டிஎஸ், ஐந்து மாதத்துக்குள் 170 டாலராகக் குறைக்கப்பட்டது. ஜப்பானில் 25,000 யென் 15,000 ஆனது. வெளிவந்த ஆறு மாதத்துக்குள் ஒரு கன்சோலுக்கு இவ்வளவு பெரிய விலைக்குறைப்பை நின்டெண்டோ அதுவரை செய்ததில்லை. முதலிலேயே முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு ஈடாக 20 பழைய கேம்கள் இலவசமாகத் தரப்பட்டன. இவாட்டா தன் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களின் சம்பளமும் குறைந்தது. தவறு தலைமையிடம்தான், அதற்கான விலையைத் தலைமைதான் கொடுக்க வேண்டும் என்பதில் அவருக்கு இரண்டு எண்ணம் இருக்கவில்லை. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிகர நஷ்டம் 4,320 கோடி யென். மூன்று ஆண்டு முன்பு 55,530 கோடி யென் இயக்க லாபம் காட்டிய நிறுவனம் அது.

இத்தனைக்கும் நடுவில், ஸ்மார்ட்போனுக்குக் கேம் செய்வீர்களா என்று கேட்டபோது, பரிசீலனையிலேயே இல்லை, செய்தால் நின்டெண்டோ நின்டெண்டோவாக இருக்காது என்ற கருத்தையே இவாட்டா சொல்லிவந்தார். அவசரத்துக்கு ஆட்குறைப்பு செய்து கணக்கைச் சரிக்கட்டவும் மறுத்தார். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருக்கிறவர்களால் உலகத்தை மகிழ்விக்கும் கேம் எழுத முடியாது என்று 2013இல் பங்குதாரர்களிடம் விளக்கினார். அந்த ஒரு பதிலுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

2012 கடைசியில் வந்த வீ யூ கன்சோல் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 2014 ஜனவரி 17 அன்று, அந்த நிதியாண்டின் வீ யூ விற்பனை மதிப்பீட்டை 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாக வெட்டினார்கள். 10,000 கோடி யென் லாபம் வரும் என்ற இடத்தில் 3,500 கோடி யென் நஷ்டம் வரும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு முதலீட்டு நிறுவனம் இவாட்டாவுக்குக் கடிதம் எழுதியது. மரியோ இன்னும் கொஞ்சம் உயரமாகக் குதிக்க 99 சென்ட் வாங்கலாமே என்பது அதில் இருந்த யோசனை. அந்த வரியைப் படிக்கும்போது இப்போதும் கோபம் வருகிறது. மரியோவின் குதி எவ்வளவு உயரம் என்பது முப்பது ஆண்டுகள் உழைத்து அளந்த அளவு. பள்ளத்தின் அகலம், செங்கல்லின் உயரம், எதிரி நடக்கும் வேகம் எல்லாம் அந்தக் குதியை வைத்துக் கணக்கிடப்பட்டவை. அதைக் கூடுதல் காசுக்கு விற்றால், காசு தராத பிள்ளைக்குக் கிடைப்பது வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்த விளையாட்டு.

ஆனாலும் இவாட்டா பிடிவாதக்காரர் அல்ல. பிள்ளைகள் மரியோவை முதன்முதலில் பார்க்கும் இடம் மாறிக்கொண்டிருந்தது என்பதை அவர் கவனித்தார். வீட்டில் டிவியோடு கன்சோல் இருந்தால்தான் மரியோ தெரியும் என்ற நிலையில், கன்சோலே இல்லாத வீடு பெருகினால் மரியோவையே தெரியாத தலைமுறை ஒன்று வளரும். அந்த ஆபத்து லாப நஷ்டக் கணக்கில் உடனே தெரியாது. 2014 ஜனவரி 30 கூட்டத்தில் அவர் முதல்முறையாகக் கதவைத் திறந்தார். ஸ்மார்ட்போன்களில் நின்டெண்டோவின் பாத்திரங்கள் வரலாம். ஆனால் கன்சோல் கேமைத் தூக்கி அப்படியே போனில் போடப்போவதில்லை.

பின்பு அவருக்கு உடல்நலம் கெட்டது. 2014 ஜூனில் பித்தநாளத்தில் அறுவைசிகிச்சை. தேறி வந்து வேலையைத் தொடர்ந்தார். 2015 மார்ச் 17 அன்று டோக்கியோவில் டிஎன்ஏ நிறுவனத்தின் தலைவர் இசாவ் மொரியாசுவோடு ஒரே மேடையில் நின்று கூட்டணியை அறிவித்தார். டிஎன்ஏ, ஜப்பானில் செல்போன் கேம் நடத்திப் பெயர் வாங்கிய நிறுவனம். லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நுழையும் சர்வர்களை இரவுபகலாக நடத்தும் அனுபவம் அவர்களிடம் இருந்தது, நின்டெண்டோவிடம் இல்லை. நின்டெண்டோ 2,200 கோடி யென் கொடுத்து டிஎன்ஏவில் 10 சதவீதம் வாங்கியது. டிஎன்ஏ நின்டெண்டோவில் 1.24 சதவீதம் வாங்கியது. அதே மேடையில், கேட்காமலே இன்னொன்றையும் இவாட்டா சொன்னார்: என்எக்ஸ் என்ற குறிப்பெயரில் ஒரு புதிய கன்சோல் தயாராகிறது. கன்சோலைக் கைவிட்டுப் போனுக்கு ஓடுகிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அதை அன்று சொன்னார். போன், மக்களைக் கன்சோலுக்கு அழைத்துவரும் பாலமாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஜூலை 11 அன்று இவாட்டா இறந்தார். வயது 55. பாலம் கட்டி முடிவதை அவர் பார்க்கவில்லை. செப்டம்பரில் தட்சுமி கிமிஷிமா தலைவரானார். அவர் கேம் எழுதியவர் அல்ல, வங்கியிலிருந்து வந்தவர்.

2016 மார்ச்சில் வந்த முதல் போன் செயலி மீடோமோ. உங்களைப் போலவே ஒரு சின்ன உருவம் செய்து, அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, நண்பர்களின் பதில்களைப் படிக்கலாம். சில வாரங்கள் ஆர்வமாகப் பார்த்தார்கள். 2018 மே மாதம் மூடப்பட்டது.

பெரிய வெடி வேறு பக்கமிருந்து வந்தது. 2016 ஜூலை 6இல் போகிமான் கோ. தெருவில் நடந்து, பூங்காவிலும் பஸ் நிறுத்தத்திலும் போகிமான் பிடிக்கும் கேம். உலகமே வெளியே வந்து நடந்தது. நின்டெண்டோவின் பங்கு விலை இரண்டே வாரத்தில் இருமடங்கானது. கேமைச் செய்தது நியான்டிக் என்ற அமெரிக்க நிறுவனம். போகிமான் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தில் நின்டெண்டோவுக்கு 32 சதவீத வாக்குரிமைதான். ஜூலை 22, வெள்ளிக்கிழமை, சந்தை மூடிய பிறகு நின்டெண்டோவே ஒரு அறிக்கை வெளியிட்டது: இதனால் எங்கள் லாபத்துக்குக் கிடைப்பது குறைவுதான். திங்கட்கிழமை பங்கு சுமார் 18 சதவீதம் விழுந்தது. ஆனால் அந்தக் கோடையில் 3டிஎஸ் விற்பனை ஏறியது. போனில் போகிமான் பிடித்த பிள்ளைகள் முழுமையான போகிமான் கேமைத் தேடி வந்தார்கள். இவாட்டாவின் பாலம் வேலை செய்தது.

அந்த டிசம்பர் 15இல் மரியோ தானே ஐபோனுக்கு வந்தார். ஆப்பிளின் செப்டம்பர் மேடையில் மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே வந்து அறிவித்திருந்தார். சூப்பர் மரியோ ரன்னைக் கையில் எடுத்தவர்களுக்கு முதலில் தோன்றியது, திசை விசை எங்கே என்பதுதான். கிடையாது. போனை நிமிர்த்திப் பிடித்து ஒரே கட்டைவிரலால் ஆட வேண்டும். மரியோ தானாக ஓடுவார். சின்னத் தடையைத் தானாகத் தாண்டுவார். திரையைத் தட்டினால் குதிப்பார். விரலை அழுத்தி வைத்தால் உயரமாகக் குதிப்பார். 99 சென்ட் யோசனைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை: உயரமாகக் குதிக்க விரல் போதும். கண்ணாடித் திரையில் பொத்தானை வரைந்து ஏமாற்றாமல், கண்ணாடிக்கு எது இயல்போ அதைச் சுற்றி விளையாட்டை அமைத்திருந்தார்கள்.

விலையிலும் நேர்மை. முதல் சில கட்டங்கள் இலவசம், பிடித்தால் 9.99 டாலர், ஒருமுறை மட்டும். அதற்குப் பிறகு எதற்கும் காசு கேட்காது. நான்கு நாளில் 4 கோடிப் பதிவிறக்கம். ஆனால் ஜனவரி இறுதியில் பதிவிறக்கியவர்களில் காசு கொடுத்தவர்கள் 5 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். பத்து டாலர் அதிகம் என்று பலர் குறை சொன்னார்கள். இவாட்டா 2011இல் பயந்தது அப்படியே நடந்தது: நாற்பது டாலர் கேமுக்கு நிகரான உழைப்புக்கு, போன் கடையில் பத்து டாலரும் கொள்ளை விலையாகத் தெரிந்தது.

நான் கறை என்று சொன்ன இடம் இதற்கு அடுத்தது. 2017 பிப்ரவரியில் வந்த ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ் இலவசம். ஆனால் அதில் வீரர்களைப் பெற, குலுக்கல் முறையில் இழுக்க வேண்டும். ஜப்பானில் இதற்கு கச்சா என்று பெயர். காசு போட்டுக் குமிழைத் திருப்பினால் உள்ளிருந்து என்ன பொம்மை விழும் என்று தெரியாத இயந்திரத்தின் பெயர். வேண்டிய வீரன் வரும்வரை இழுத்துக்கொண்டே இருக்கலாம், காசு போய்க்கொண்டே இருக்கும். 2012இல் இதன் மிக மோசமான ஒரு வகையை ஜப்பானிய அரசே தடை செய்தது. அந்த நேரத்தில், வாடிக்கையாளரோடு நீண்டகால உறவை இப்படிப்பட்ட வழியில் கட்ட முடியாது என்ற நிலையை எடுத்தவர் இவாட்டா. அவர் இறந்து இரண்டு ஆண்டுக்குள் அவருடைய நிறுவனமே அதில் இறங்கியது. வருமானம் மரியோவை மிஞ்சியது. 2019 ஆகஸ்டில் பெல்ஜியம் நாட்டில், சூதாட்டச் சட்டத்தின் காரணமாக, இந்த கேமையும் அனிமல் கிராசிங் போன் கேமையும் நிறுத்த வேண்டி வந்தது. பிள்ளைகளின் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பெயர், ஒரு நாட்டின் சூதாட்டச் சட்டத்துக்குள் சிக்கியதைச் சிறிய விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாடகை வீட்டின் உண்மையான வாடகை ஆப்பிளுக்குப் போன 30 சதவீதமல்ல, இதுதான்.

நல்லவேளை, நின்டெண்டோ அந்த வருமானத்துக்கு அடிமையாகவில்லை. கூட்டாளி நிறுவனங்களிடம், ஆடுகிறவர்கள் அளவுக்கு மீறிச் செலவழிக்காதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னது 2019இல் செய்தியானது. சில போன் கேம்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன: டாக்டர் மரியோ வேர்ல்ட் 2021இல், டிராகாலியா லாஸ்ட் 2022இல். அனிமல் கிராசிங் போன் கேமின் இணையச் சேவை 2024 நவம்பரில் நின்றபோது, ஒருமுறை காசு கொடுத்து வாங்கி என்றும் வைத்துக்கொள்ளும் பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். சூப்பர் மரியோ ரன்னின் நேர்மைக்கு அங்கே மட்டுமாவது திரும்பி வந்தார்கள்.

2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்கைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். மொத்த விற்பனை 1.76 லட்சம் கோடி யென். அதில் போன் கேம்களும் பாத்திரங்களின் உரிமைத்தொகையும் சேர்ந்து 5,700 கோடி யென். நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம். மீதி எல்லாம் கன்சோலும் அதன் கேம்களும். போன் செய்திருந்தால், அல்லது கன்சோலை விட்டுவிட்டுப் போன் கேம் நிறுவனமாக மாறியிருந்தால், அந்த 97 ரூபாயும் இருந்திருக்காது. 2011இலும் 2014இலும் வாய்கிழியப் பேசியவர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படித்திருக்க வேண்டும்.

அந்த 97 ரூபாய்க்கான பெட்டி என்எக்ஸ். 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச் என்ற பெயரில் 300 டாலருக்கு வந்தது. உள்ளே இருந்த சிப் என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. கையடக்கக் கருவிகளுக்கென்று 2015இல் அறிவிக்கப்பட்ட வகை. 6.2 அங்குலத் தொடுதிரை, லித்தியம் பேட்டரி, அசைவை உணரும் சென்சார். போன்களுக்காகப் பெருமளவில் உற்பத்தியாகி விலை இறங்கிப்போன பாகங்கள் அவை. யோகோய் சொன்ன பழைய வழியில், போன் தொழில் மலிவாக்கிக் கொடுத்ததை எடுத்துக் கன்சோல் செய்தார்கள். சிம் கார்டுக்கு இடம் வைக்கவில்லை. திரையின் இருபுறமும் கழற்றி மாட்டும் பொத்தான்கள் வைத்தார்கள். விற்பனை 15 கோடியைத் தாண்டியது.

வீ யூ அவ்வளவு மோசமாகத் தோற்றாலும், அதன் யோசனையின் மிச்சத்திலிருந்துதான் ஸ்விட்ச் பிறந்தது. ஆடுகிறவரை டிவி முன்னால் கட்டிப்போட்ட, வீ யூவின் திரை பதித்த கைப்பிடி எங்கே தவறியது, கியோட்டோவின் பொறியாளர்கள் அதிலிருந்து எதை மீட்டார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)